குடும்ப வேன் செகண்ட் ஹேண்டா? ஏர்பேக்கைப் பாருங்கள்

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் பெரிய குடும்பத்துக்கு எம்பிவிதான் வசதி. ஆனா, உங்கள் வண்டி பழசு என்றால், ஏர்பேக் மாற்றியாச்சா?

என்ன கோளாறு?

ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் செய்த ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டரில் அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. சூடும் ஈரப்பதமும் பல வருடம் பட்டால் அது கெடும். அப்புறம் சின்ன மோதலில்கூட இன்ஃப்ளேட்டர் வெடித்து, உலோகத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயலாம்.

நமக்கு ஏன் கவலை?

நம் நாட்டில் வருடம் முழுக்க வெயிலும் புழுக்கமும்தான். 2014-இல் சரவாக்கில் ஹோண்டா சிட்டி ஓட்டிய பெண் இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே பதிவான முதல் மரணம் அது. உலகளவில் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மலேசியப் பட்டியலில் ஸ்ட்ரீம், ஃபிரீட் போன்ற குடும்ப வண்டிகளும் உண்டு.

இன்னும் ஏன் மாற்றவில்லை?

அறிவிப்புக் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கலாம். மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். இந்தக் கோளாறை அது காட்டாது. பக்கத்து பட்டறையில் பார்த்தாலும் தெரியாது.

என்ன செய்யணும்?

கெரானில் உள்ள சேசிஸ் நம்பரை எடுத்து, அந்த பிராண்டின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். நீங்கள் எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும், ரீகால் மாற்று இலவசம். அப்பாவுக்கு நேரமில்லையா? நம்பரை நீங்களே சரிபார்த்துச் சொல்லுங்கள்.