பச்சை லைற் எரிந்தால் வேலை நடக்குதாம்!

போன கிழமை ஹரோவில் இருக்கும் மருமகள் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு அவள் பொறுப்பு. எல்லோருக்கும் வீட்டிலிருந்துதான் வேலை. யார் எத்தனை நிமிடம் கணினியைத் தொடவில்லை என்று ஒரு மென்பொருள் எண்ணிக் கொடுக்குமாம். அந்தப் பட்டியலை வைத்து ஒரு பெண்ணிடம் விளக்கம் கேட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கைக்குழந்தைக்காரி.

"மாமா, எங்கட குழுவில அவதான் நேரத்துக்கு வேலையை முடிச்சுத் தாறவ. நான் என்னெண்டு கேக்கிறது?" என்றாள்.

எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு பெற்றோல் செற்றில் இரவு வேலை. முதலாளி எங்கட ஆள்தான். வீட்டில் படுத்திருந்தபடி கமெராவில் பார்ப்பார். "என்ன தம்பி, கதிரையில இருக்கிறீர்?" என்று இரவு இரண்டு மணிக்கு ரெலிபோன் வரும். நான் என்ன செய்தேன் தெரியுமா? துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அடுக்கவேண்டிய பால் பின்னறையில் கிடந்து பழுதாகியது. அங்கே கமெரா இல்லை!

கண்காணித்தால் இதுதான் நடக்கும். வேலை நடக்காது, வேலை செய்கிற நாடகம் நடக்கும். 2024 இல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டினார்கள் என்று பத்துப் பேருக்கு மேல் வேலையால் நிறுத்தியது. அவர்கள் செய்தது பிழைதான். ஆனால் விசை தட்டுவதுதான் வேலை என்று எண்ணத் தொடங்கியது யார்?

கண்ணில் படாத குழுவை எப்படி நடத்துவது என்று இந்த நாட்டில் 1962 இலேயே ஒருவர் காட்டிவிட்டார். அவரும் எங்களைப்போல ஓர் அகதி. ஸ்டெபனி ஷேர்லி. 1939 இல் நாசிகளிடமிருந்து தப்ப, ஐந்து வயதில், தாய் தகப்பன் இல்லாமல் வியன்னாவிலிருந்து ரயிலேறி வந்தவர். ஆறு பவுணுடன் மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். பிள்ளை பெற்றதால் வேலையை விட்ட பெண்களைத் தேடி எடுத்தார். முதல் முன்னூறு பேரில் ஆண்கள் மூன்றே பேர். எல்லாம் வீட்டிலிருந்தே. இணையம் இல்லை, ஈமெயில் இல்லை. ரெலிபோனும் நம்பிக்கையும்தான். கொன்கோட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் அந்த வீடுகளில்தான் எழுதப்பட்டது. பிறகு நிறுவனத்தின் பங்குகளையும் ஊழியருக்குக் கொடுத்தார். 2025 இல் காலமானார்.

ஒரு வேடிக்கை. வாடிக்கையாளர் ரெலிபோன் எடுத்தால், பிள்ளையின் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சுச் சத்தம் பதிந்த நாடாவை ஓடவிடுவாராம். சத்தம் கேட்டால்தான் வேலை நடக்கிறது என்று நம்புகிற வருத்தம் அப்போதே இருந்திருக்கிறது. இப்போது சத்தத்துக்குப் பதிலாகப் பச்சை லைற்!

"வீட்டில விட்டால் ஏமாத்துவாங்கள்" என்பீர்கள். ஏமாற்றுகிறவன் அலுவலகத்திலும் ஏமாற்றுவான். இன்னார் இந்த வேலையை வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும் என்று எழுதி வையுங்கள். தராதவன் வெள்ளிக்கிழமை பிடிபடுவான். புதிதாகச் சேர்ந்தவர்களைச் சில நாள் பக்கத்தில் வைத்துத்தான் பழக்கவேண்டும், அதை நான் மறுக்கவில்லை. சீனாவின் ட்ரிப்.கொம் நிறுவனத்தில் 1612 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024 இல் வெளியானது. கிழமையில் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்ததால் வேலை குறையவில்லை. வேலையை விட்டுப் போனவர்களின் தொகைதான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மருமகளிடம் சொன்னேன்: "பட்டியலை விடு பிள்ளை. அவ முடிச்சுத் தந்த வேலையெல்லாத்தையும் எழுதி மேல அனுப்பு." அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

கடை வைத்திருக்கும் எங்கட முதலாளிமாருக்கும் ஒரு சொல். இரவு இரண்டு மணிக்குக் கமெராவைப் பார்க்காமல் நித்திரை கொள்ளுங்கோ. விடியப் போய்ப் பின்னறையில் பால் அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கோ. அது போதும்.