நிய்யத்தும் மனக்காட்சியும்: உடலைப் பேணுவதில் நாம் தவறவிடும் ஒரு படி



திருச்சிராப்பள்ளியில் ஸுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறுவோரில் ஒரு பகுதியினர் நேரே வீட்டிற்குத் திரும்புவதில்லை. சிலர் அண்ணா விளையாட்டரங்கிற்குச் செல்கின்றனர். சிலர் காவிரிப் பாலத்தை நோக்கி நடக்கின்றனர். ஆற்றின் மறுகரையில் ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் அதே நேரத்தில் அவ்வூர் மக்கள் நடைப்பயிற்சியில் இருப்பர். மருத்துவர் சொல்லி வந்தவர்களும் உண்டு. தாமாகவே வந்தவர்களும் உண்டு. ஆயினும் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர் என்பதே நாம் ஆண்டுதோறும் காணும் நிலை.

இது சிறிய செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர். நம் குடும்பங்களில் ஐம்பது வயதைக் கடந்த அத்தாவோ அம்மாவோ மாத்திரைப் பெட்டி இல்லாமல் பயணம் புறப்படுவது அரிதாகிவிட்டது. வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள். இதை அறியாதவர் நம்மில் எவருமிலர். அறிந்தும் செய்ய இயலாமல் போவது ஏன் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடையாக அண்மைக் காலத்தில் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஒரு சொல் அடிக்கடி வருகிறது. மனக்காட்சி. செய்யவிருக்கும் பயிற்சியையும் அடைய விரும்பும் இலக்கையும் கண்ணை மூடி மனத்தில் காண வேண்டும் என்கின்றனர். இதை முற்றிலும் தள்ளிவிடவும் தேவையில்லை. முற்றிலும் ஏற்றுக்கொள்ளவும் இயலாது. இதில் நமக்கு உதவும் ஒரு பகுதியும், நம் ஈமானுக்கே ஊறு செய்யும் ஒரு பகுதியும் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிரித்தறிவது நம் பொறுப்பு.

முதலில் உதவும் பகுதியைக் காண்போம். 1992இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் யூ, கோல் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். ஒரு குழுவினர் நான்கு வாரங்கள் சுண்டுவிரலுக்கு உண்மையான பயிற்சி அளித்தனர். இன்னொரு குழுவினர் விரலை அசைக்காமல் அப்பயிற்சியை மனத்தளவில் மட்டும் செய்தனர். உண்மையாகப் பயிற்சி செய்தவர்களின் விரல் வலிமை 30 விழுக்காடும், மனத்தளவில் செய்தவர்களின் வலிமை 22 விழுக்காடும் உயர்ந்தன. எதுவும் செய்யாதவர்களிடம் 4 விழுக்காட்டிற்கும் குறைவான மாற்றமே இருந்தது. தசை வளராமலேயே வலிமை கூடியதன் காரணம், தசைக்கு ஆணையிடும் மூளையும் நரம்புகளும் பயிற்சி பெற்றதேயாகும். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில், நலமாயிருந்தோரின் மணிக்கட்டிற்கு நான்கு வாரங்கள் கட்டுப் போடப்பட்டது. சும்மா இருந்தவர்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு வலிமையை இழந்தனர். கையை இறுக்குவதாக மனத்தில் பயின்றவர்கள் ஏறத்தாழ 24 விழுக்காடு மட்டுமே இழந்தனர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையிலிருக்கும் நம் பெரியவர்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. உடல் அசையாத நாட்களும் முற்றிலும் வீணான நாட்கள் அல்ல.

இவ்வுண்மை நம் மார்க்க வாழ்வுக்கு அந்நியமானதன்று. ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால், நிற்கவும் அமரவும் சைகை செய்யவும்கூட இயலாத நோயாளி, தொழுகையின் ஒவ்வொரு நிலையையும் தன் உள்ளத்தில் நிகழ்த்தித் தொழ வேண்டும் என்ற சட்டத்தைக் காணலாம். தக்பீர், நிலை, ருகூவு, ஸஜ்தா யாவும் உள்ளத்திலேயே நிகழ்கின்றன. உடல் ஓய்ந்த இடத்திலும் உள்ளத்தின் செயல் ஒரு செயலாகவே மதிக்கப்படுகிறது.

ரமளானில் தராவீஹ் தொழவைக்கும் ஹாஃபிழ்களைக் கவனியுங்கள். அன்றிரவு ஓதவிருக்கும் பகுதியைப் பகலில் நாவசையாமல் மனத்திலேயே ஓதிப் பார்ப்பர். எந்த ஆயத் முஸ்ஹஃபின் வலப்பக்கத்தில் இருக்கிறது, எது பக்கத்தின் அடியில் முடிகிறது என்பது அவர்களுடைய அகக்கண்ணில் தெரியும். ஒரே போன்று தொடங்கும் இரு ஆயத்துகள் எங்கே பிரிகின்றன என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, தடுமாறும் இடத்தைத் திருத்திக்கொண்டே இமாமத்திற்கு முன்வருவர். விளையாட்டு வீரர்கள் மனப்பயிற்சி என்று இன்று எதைச் சொல்கிறார்களோ, அதை நம் மதரஸா மாணவர்கள் பெயர் சூட்டாமலே செய்து வருகின்றனர்.

ஹாஃபிழ் தம் மனத்தில் காண்பது எதை என்பதையும் இங்கே உற்றுநோக்க வேண்டும். தொழுகை முடிந்தபின் மக்கள் தம்மைப் பாராட்டி முஸாஃபஹா செய்யும் காட்சியை அவர் காண்பதில்லை. ஓத வேண்டிய ஆயத்துகளையும் தடுமாறும் இடங்களையும் காண்கிறார். பயன் தரும் மனக்காட்சிக்கும் வெறும் பகற்கனவுக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே.

ஆய்வுகளும் இதையே உறுதிசெய்கின்றன. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவின் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று மகிழ்வதாக மனத்தில் கண்டனர். மற்றொரு பிரிவினர் எங்கே அமர்வது, எப்போது புத்தகத்தை எடுப்பது, எப்படிப் படிப்பது என்பதைக் கண்டனர். படிக்கும் வழியைக் கண்டவர்களே கூடுதல் நேரம் படித்து நல்ல மதிப்பெண் பெற்றனர். உடல் எடை குறைப்பு குறித்து 1991இல் வெளியான ஆய்விலும், மெலிந்த தோற்றத்தைப் பற்றி இனிய கற்பனைகளில் திளைத்தவர்கள் ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிடக் குறைவாகவே எடை குறைத்திருந்தனர். கற்பனையில் பரிசைப் பெற்றுவிட்ட மனம், உழைப்பதற்கான வேகத்தை இழந்துவிடுகிறது.

நம் ஈமானைத் தொடும் பகுதிக்கு இப்போது வருவோம். வேண்டியதை உறுதியாக எண்ணிக்கொண்டேயிரு, பிரபஞ்சம் அதை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்று ஒரு கொள்கை பரப்பப்படுகிறது. 2006இல் வெளியான தி சீக்ரெட் என்ற நூல் இதை உலகெங்கும் கொண்டு சென்றது. இன்று அரை நிமிடக் காணொளிகள் அதே வேலையைச் செய்கின்றன. நம் பிள்ளைகள் இதை ஊக்கமூட்டும் பேச்சாகவே கேட்கின்றனர். ஆனால் கொடுப்பவனாகவும் தடுப்பவனாகவும் அல்லாஹ் ஒருவனையே ஏற்றவர்கள், பிரபஞ்சம் என்ற படைப்பிடம் கேட்கலாகாது. தம் எண்ணத்திற்கே ஆக்கும் ஆற்றல் உண்டென்றும் நம்பலாகாது. நாளை இதைச் செய்வேன் என்று கூறும்போது அல்லாஹ் நாடினால் என்பதைச் சேர்த்தே கூறவேண்டும் என்று ஸூரத்துல் கஹ்ஃபின் 23, 24ஆம் வசனங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. அச்சொல்லை நீக்கிவிட்ட இலக்கு, எவ்வளவு நல்ல இலக்காயினும், ஒரு முஸ்லிமின் இலக்காகாது.

ஹுதைபிய்யா நிகழ்ச்சி இங்கே நமக்குப் பெரிய பாடம். மஸ்ஜிதுல் ஹராமில் அச்சமின்றி நுழைவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனவு கண்டார்கள். நபியின் கனவு வஹீ. நம் மனக்காட்சி அவ்வாறன்று. அவ்வாறிருந்தும், ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு புறப்பட்ட தோழர்கள் மக்காவுக்குள் நுழையாமலே திரும்பினர். அடுத்த ஆண்டே உம்ரா நிறைவேறியது. அக்கனவை உறுதிப்படுத்தும் ஸூரத்துல் ஃபத்ஹின் வசனத்திலும் இன்ஷா அல்லாஹ் என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. இறைவனே காட்டிய காட்சிக்கும் ஒரு காலம் இருந்ததெனில், நாம் வரைந்துகொண்ட காட்சி குறித்த நாளில் நடந்தேயாக வேண்டும் என்று எவ்வாறு அடம்பிடிப்பது?

ஆகவே நாம் முன்வைக்கும் கருத்து இது: மனக்காட்சியை நிய்யத்தின் பணியாளாக வைத்துக்கொள்ளலாம், அதை எஜமானாக்கக் கூடாது. ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே நிய்யத்தைப் பற்றியது. நிய்யத் என்பது நோக்கத்தைத் தெளிவுபடுத்துவது. யாருக்காக இவ்வுடலைப் பேணுகிறோம்? கண்ணாடியில் காண்பதற்கா, அல்லது இன்னும் பல ஆண்டுகள் நின்று தொழவும், ஹஜ்ஜில் தவாஃபும் ஸஃயும் செய்யவும், பிள்ளைகளுக்குப் பாரமாகாமல் இருக்கவுமா? உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபிகளார் (ஸல்) அறிவுறுத்தியிருக்கிறார்கள். இந்நோக்கம் தெளிவானபின், அடுத்த நாளின் செயலை மனத்தில் காண்பது எளிது.

செயலைக் காண்பது எவ்வாறு? இஷாவுக்குப் பின் படுக்கையில் மூன்று நிமிடங்கள் போதும். நாற்பதைக் கடந்த ஒரு குடும்பத்தலைவர் காவிரிப் பாலத்தில் நடக்க எண்ணுகிறார் என்று கொள்வோம். ஸுப்ஹு முடிந்து செருப்பு அலமாரியிலிருந்து நடைக்காலணியை எடுப்பது, சிந்தாமணியைக் கடப்பது, பாலத்தில் ஏறியதும் முகத்தில் படும் ஆற்றுக்காற்று, மாம்பழச் சாலை முனையில் திரும்புவது, திரும்பும்போது கெண்டைக்காலில் தோன்றும் இறுக்கம் ஆகியவற்றை உண்மையில் ஆகும் வேகத்திலேயே காண வேண்டும். இடம், உடை, உடலின் உணர்வு ஆகியவை உண்மைக்கு எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு பயன் உண்டு என்பதே விளையாட்டு உளவியலாரின் கருத்து.

அடுத்து, தடையையும் காண வேண்டும். திருச்சியின் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் நம் திட்டத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மழை பெய்தால் வீட்டு மாடிப்படியில் இருபது முறை ஏறி இறங்குவேன். விருந்தினர் வந்தால் அஸருக்குப் பின் நடப்பேன் என்று முன்னரே முடிவு செய்ய வேண்டும். 2002இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதி வைத்தவர்களில் 91 விழுக்காட்டினர் அவ்வாரம் உடற்பயிற்சி செய்தனர். ஊக்கமூட்டும் செய்தியை மட்டும் படித்தவர்களில் 35 விழுக்காட்டினரே செய்தனர்.

இங்கே ஒன்றைச் சுட்டிக்காட்டாமல் இருக்க இயலாது. நடைப்பயிற்சி பற்றி நம் வீடுகளில் பேசும்போது பெரும்பாலும் ஆண்களையே எண்ணுகிறோம். காலை வேளையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மதிய உணவைக் கட்டிக்கொடுத்து நிற்கும் தாய்க்கு மனக்காட்சி கற்பிப்பதால் மட்டும் அரை மணி நேரம் கிடைத்துவிடாது. அவருடைய தடையைக் காண வேண்டியவர் கணவர். அதை நீக்க வேண்டியவரும் அவரே. நபிகளார் (ஸல்) தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. ஒருமுறை அன்னையார் முந்தினார்கள். பின்னொருமுறை நபிகளார் முந்தினார்கள். இந்த ஸுன்னத்தை நம் குடும்பங்கள் ஏன் மறந்தன?

முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. லால்குடியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ், கேரளத்தின் முஹம்மது அனஸ் உள்ளிட்ட நால்வர் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் 2021 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஓடினர். 3 நிமிடம் 0.25 நொடியில் ஓடி ஆசியச் சாதனையை முறியடித்தனர். ஆயினும் இறுதிச் சுற்றுக்கு அவர்களால் தகுதி பெற இயலவில்லை. அதுவரை ஆசியாவில் எந்த அணியும் ஓடாத வேகத்தில் ஓடியும் அடுத்த சுற்று கிட்டவில்லை. அந்த ஓட்டம் வீணென்று எவரேனும் கூறுவரா?

நம் வீட்டிலும் இதே அளவுகோல் வேண்டும். மூன்று மாதம் நடந்தும் சர்க்கரை அளவு எதிர்பார்த்தபடி குறையாமல் இருக்கலாம். அப்போது மருத்துவரிடம் செல்வோம், மருந்தைத் தொடர்வோம், நடையையும் தொடர்வோம். பயன் தருவதில் ஆர்வம் கொள்ளவும், அல்லாஹ்விடம் உதவி தேடவும், சோர்ந்துவிடாதிருக்கவும், நடந்து முடிந்ததற்கு 'அப்படிச் செய்திருந்தால்' என்று புலம்பாதிருக்கவும் வலிமையுள்ள முஃமினைப் பற்றிய ஹதீஸ் நமக்குக் கற்பிக்கிறது. குறைவாயினும் நிலையாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பதும் நபிமொழியின் கருத்தே.

இன்றிரவு உறங்குமுன், நாளை நடக்கவிருக்கும் பாதையை நம் குடும்பத்தாருடன் அமர்ந்து முடிவு செய்வோம். நேரத்தைக் குறிப்போம், தடையையும் அதற்கான மாற்றையும் குறிப்போம், இன்ஷா அல்லாஹ் என்று கூறுவோம். காலையில் எழுந்து நடப்போம். நம் உடல்களில் ஆஃபியத்தையும் நம் அமல்களில் நிலைத்தன்மையையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் குடும்பத்தார் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.