பழுதா, பூட்டா?

கோமாரியில் நெட் போனால் எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான்: "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க." கஸ்டமர் கேயாரில் கதைக்கிற தங்கச்சியும் அதைத்தான் சொல்லுவா, டவுனில் கம்பியூட்டர் திருத்துற காக்காவும் அதைத்தான் சொல்லுவார். பாதி நேரம் அது வேலையும் செய்யும். ஆபத்தே அங்கதான் இருக்கு. என்ன பழுது எண்டு தெரியாமலே சரியாகிப் போனால் அடுத்த தடவையும் தெரியாது. எப்பவோ ஒரு நாள் ஓன் பண்ணியும் வராதபோது, பெட்டி போயிட்டு, புதுசு எடுங்க எண்டு சொல்லி முடிப்பாங்க.

ஊரில் ஒரு படிப்பறைக்கு ஆரோ கொடுத்த பழைய டெஸ்க்டொப்பில் ரெண்டு நெட்வேர்க் கார்டு போட்டு, பிஎஃப்சென்ஸ் ஏற்றி, ரவுட்டராகவும் தீச்சுவராகவும் வைத்திருந்தார்கள். (பயர்வோலுக்குப் பாடப்புத்தகத் தமிழ் தீச்சுவர். நல்ல சொல்தான், வாயால் சொல்லி ஒருத்தரையும் நான் கேட்டதில்லை.) 2004இல் மோனோவோல் எண்ட திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது பிஎஃப்சென்ஸ். அதிலிருந்து 2015இல் ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. ரெண்டும் ஃப்ரீபிஎஸ்டிக்கு மேல ஓடுறவை, சல்லி கொடுக்காமல் இறக்கலாம். ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு அந்த டவர் எழும்பவே இல்லை. பார்க்க வந்தவர் சொன்ன தீர்ப்பு: "ஓப்பன் சோர்ஸ் எண்டா இப்படித்தான்."

மொனிட்டர் ஒண்டைக் கொழுவிப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது. கொழுவியிருந்தால் பிஎஃப்சென்ஸ் இன்னும் தொடங்கவே இல்லை எண்டது தெரிந்திருக்கும். மதர்போர்டில் காசு அளவு ஒரு பெட்டரி இருக்கு. அது செத்துப் போனால், கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் பயோஸ் தன்ட தேதியையும் செட்டிங்கையும் மறந்துடும். பிறகு "எஃப்1 அமத்துங்க" எண்டு திரையில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கும். கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை, ஆர் அமத்துறது? சில டவர் கரண்ட் வந்தாலும் தானா ஓனாகாது, அதுக்கும் பயோஸில் ஒரு செட்டிங் இருக்கு. ஒரு மென்பொருளுக்கும் இதில் பங்கில்லை.

தேதி மறந்ததால் வாற வினை இதைவிட மோசம். பெட்டி எழும்பும், லைட் எல்லாம் எரியும், ஆனால் ஒரு சைட்டும் வராது. டிஎன்எஸ்செக் சரிபார்ப்பு ஓனில் இருந்தால், பிழையான தேதியில் கையொப்பங்கள் செல்லாது, ஆகவே பெயர்கள் முகவரியாக மாறாது. நேரத்தைத் திருத்துற சேர்வரையும் பெயரை வைத்துத்தான் தேட வேணும். சாவி பெட்டிக்குள்ள, பெட்டி பூட்டியிருக்கு. நூறு தடவை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் இந்த முடிச்சு அவிழாது. தேதியைக் கையால் போட்டால் ஒரு நிமிஷத்தில் அவிழும்.

திடீரெண்டு கரண்ட் போறதில் டிஸ்க்கும் அடிபடும். யூஎஃப்எஸ் முறையில் நிறுவியிருந்தால் ஒற்றைப் பயனர் நிலையில் ஏற்றி, எஃப்எஸ்சிகே கட்டளையைப் பிழை வராத மட்டும் திரும்பத் திரும்ப ஓட்ட வேணும். புதுசா நிறுவுறவர்கள் இசட்எஃப்எஸ் தெரிவு செய்தால் இந்தத் தொல்லை குறையும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது எண்டு அமைச்சர் சொன்னார். நம்மட ஊர் ரவுட்டருக்கு இதெல்லாம் அன்றாடம்.

சரி, எழும்பிட்டு, நெட் மட்டும் இல்லை. இங்கதான் "நெட் இல்ல" எண்ட ரெண்டு சொல் நம்மை ஏமாத்துது. கொன்சோல் மெனுவில் 7ஆம் இலக்கம் பிங். 8.8.8.8க்குப் பதில் வந்து, பெயருக்கு வராட்டி பழுது டிஎன்எஸில். ரெண்டுக்கும் வராட்டி முகவரிகளைப் பாருங்க. கம்பெனி தந்த ரவுட்டர் அனேகமா 192.168.1.1, பிஎஃப்சென்ஸும் உள்பக்கத்துக்கு அதையேதான் எடுக்கும். ஒரே வீட்டு நம்பர் ரெண்டு வீட்டுக்கு. 2ஆம் இலக்கத்தை அமத்தி உள்பக்கத்தை 192.168.10.1 எண்டு மாத்தினால் முடிஞ்சுது. அதுவும் சரி, பிங்கும் போகுது, மத்த சைட் எல்லாம் வருது, ஒண்டு ரெண்டு மட்டும் வரவில்லை எண்டால்? அது பழுதாக இருக்கத் தேவையில்லை, பூட்டாகவும் இருக்கலாம்.

2018 பெப்ரவரி 26இல் அம்பாறை டவுனில் பள்ளிவாசலையும் கடைகளையும் அடித்தார்கள். அடுத்த மாதம் திகன எரிந்தது. அதன் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் அரசாங்க உத்தரவில் மூடப்பட்டன. 2019இலும் 2022 ஏப்ரலிலும் திரும்பவும் மூடினார்கள். அந்தப் பூட்டு கம்பெனிக்காரன்ட பக்கத்தில் விழுறது, நம்மட தீச்சுவர் அதைத் திறக்காது. ஆனால் உடைந்ததா, டேட்டா முடிஞ்சதா, மூடினதா எண்டு தெரியாத ஆளிடம் எதையும் சொல்லி நம்பவைக்கலாம். "சிக்னல் பிரச்சினை" எண்டு சொன்னாலும் தலையாட்டிப் போவார்.

"எல்லாருக்கும் இது என்னத்துக்கு?" எண்டு கேக்குறவங்க கடற்கரைக்குப் போய்ப் பாருங்க. எஞ்சின் ஸ்டார்ட் வராட்டி தோணிக்காரர் கம்பெனிக்குப் போன் அடிக்கிறதில்லை, பிளக்கைக் கழட்டித் துடைச்சுப் பார்க்கிறார். ஒருத்தரும் அவரை என்ஜினியரிங் படிச்சீங்களா எண்டு கேட்டதில்லை. எனக்கு மட்டும் "ஆர்ட்ஸ் ஃபெகல்ட்டிப் பிள்ளைக்கு இது என்ன வேலை?"

ஓப்பன் சோர்ஸ் ஆதரவாளர்களிலும் எனக்குக் கோபம் இருக்கு. சுதந்திர மென்பொருள் எண்டு மேடையில் கதைக்கிறோம், பழுது பார்க்கிற வழியை இங்கிலீஷில் விட்டு வைத்திருக்கிறோம். மூலநிரல் திறந்திருந்தும் படிப்பறைக்குப் பொறுப்பான அன்ட்டிக்கு அது மூடின பெட்டிதான். தமிழில் ஏலாது எண்ட கதையும் வேணாம். தமிழ்நாட்டில் கணியம் 2012இல் இருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டு வருது. எழுதுறது ஆர்ட்ஸ் ஃபெகல்ட்டியின் வேலை இல்லை எண்டால் வேற ஆரின்ட வேலை?

படிப்பறை, நூலகம், பள்ளிக்கூடம் நடத்துறவங்களிட்ட கேக்குறது இதுதான். அட்மின் பாஸ்வேர்டைப் பெட்டி பூட்டின ஆளிடம் மட்டும் விடாதீங்க, ஒரு கவரில் எழுதி உங்கட அலுமாரியில் வைங்க. செட்டிங் பைலின் பக்கப் ஒண்டை பென்டிரைவில் எடுத்து வைங்க. பிங் முதல் தேதி வரை என்ன பார்க்கிறது எண்டு ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்க. அந்தக் குட்டிப் பெட்டரியை அடுத்த கரண்ட் கட்டுக்கு முந்தியே மாத்துங்க, மணிக்கூட்டுக் கடையில் சிஆர்2032 எண்டு கேட்டால் தருவாங்க.