வகுப்பறையில் ஒலிக்கும் வசைச்சொல்

இனவெறி கொடியது என்று உணர்த்தும் ஒரு நாவல், இனவெறிக்கு இலக்கான பிள்ளையையே வகுப்பறையில் தலைகுனிய வைத்தால் என்ன செய்வது? அமெரிக்கப் பள்ளிகள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு போராடி வருகின்றன.

சர்ச்சையில் முதலிடம் இரண்டு நாவல்களுக்கு. மார்க் ட்வைன் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்' 1885-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. தப்பியோடும் ஜிம் என்ற கறுப்பின அடிமைக்கும் ஒரு வெள்ளைச் சிறுவனுக்கும் இடையே வளரும் நட்புதான் கதை. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960-ல் வெளியாகி, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படும் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவரையும், அவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபின்ச்சையும் பற்றியது அது. இரண்டும் இனவெறியைக் கண்டிப்பவை. ஆனால் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல் ட்வைனின் நாவலில் மட்டும் 200 தடவைக்கு மேல் வருகிறது.

2017-ல் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சி நகரில், ஹார்ப்பர் லீயின் நாவல் 8-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் மொழி சிலரைச் சங்கடப்படுத்துகிறது என்பது காரணம். 2018-ல் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரம் இரண்டு நாவல்களையும் கட்டாயப் பாடத்திலிருந்து விலக்கியது. 2022-ல் வாஷிங்டன் மாநிலத்தின் முகில்டியோவில் ஆசிரியர்களே கேட்டுக்கொண்டதன் பேரில் லீயின் நாவல் 9-ஆம் வகுப்பின் கட்டாயப் பட்டியலிலிருந்து நீங்கியது. விரும்பும் ஆசிரியர் அதை இன்றும் நடத்தலாம்.

இவற்றையெல்லாம் 'புத்தகத் தடை' என்று ஒரே பெயரில் அழைப்பது சரியாகாது. 1966-ல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டப் பள்ளி வாரியம் இதே நாவலை 'ஒழுக்கக்கேடானது' என்று சொல்லி விலக்கியது. 2022-ல் ஃபுளோரிடா இயற்றிய சட்டம், தன் இனத்தவர் கடந்த காலத்தில் செய்ததற்காக ஒருவர் குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்று போதிப்பதற்குத் தடை விதித்தது. இனவெறியின் வரலாற்றைப் பேசவே ஆசிரியர்கள் அஞ்சுவார்கள் என்ற விமர்சனம் அதன் மீது எழுந்தது. வரலாற்றை மறைக்க நினைப்பவரும், வரலாற்றின் வலியைச் சுமப்பவரும் ஒரே புத்தகத்தை எதிர்க்கலாம். அவர்களின் நோக்கம் ஒன்றாகிவிடாது.

கறுப்பினப் பெற்றோரின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை இருப்பதாக நினைத்துப் பாருங்கள். அந்தச் சொல் சத்தமாக வாசிக்கப்படும்போது எல்லாக் கண்களும் எங்கே திரும்பும்? லீயின் நாவலில் டாம் ராபின்சனின் குரல் பெரும்பாலும் நீதிமன்றச் சாட்சியத்தோடு முடிந்துவிடுகிறது. கதை சொல்வது வெள்ளைச் சிறுமி. நாயகன் அவளுடைய தந்தை. அநீதிக்கு ஆளானவரை விட, அவருக்கு உதவ வந்தவரே வாசகர் மனதில் நிற்கிறார்.

ஆனால் புத்தகத்தை அகற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் நடந்தது சிந்திக்கத்தக்கது. வகுப்பில் படித்த நாவலிலிருந்து கற்ற வசைச்சொல்லால் தம் மகளைச் சக மாணவர் கேலி செய்ததாகப் புகார் எழுந்தது. 2020-ல் ஐந்து புத்தகங்கள் கட்டாயப் பாடத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, மில்ட்ரெட் டெய்லர் என்ற கறுப்பின எழுத்தாளரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை'. கறுப்பினச் சிறுமியே தன் குடும்பத்தின் கதையைச் சொல்லும் நாவல் அது. நோயோடு சேர்ந்து மருந்தும் வெளியே போனது.

2011-ல் அலபாமாவின் பதிப்பகம் ஒன்று, ட்வைன் நாவலில் அந்த வசைச்சொல் வந்த இடங்களில் 'அடிமை' என்ற சொல்லைப் போட்டு வெளியிட்டது. வரலாற்றைத் திருத்துவதாகக் கண்டனம் எழுந்தது. அச்சிட்ட நூலைத் திருத்துவது வேறு. ஆசிரியர் ஒரு சொல்லை வாய்விட்டு உச்சரிக்காமல் பாடம் நடத்துவது வேறு.

இந்த இரண்டாவது வழிக்கு நமக்கு நன்கு தெரிந்த முன்மாதிரி உண்டு. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியதும், அறியாமைக் காலத்தின் குணம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. அந்த அறிவிப்பில் கண்டிப்பு இருக்கிறது, வசைச்சொல் இல்லை. தவறு செய்த அபூதரே அதைப் பிறருக்குச் சொல்கிறார். எப்போது? தாம் அணிந்த அதே ஆடையைத் தம் பணியாளருக்கும் அணிவித்திருப்பது ஏன் என்று கேட்கப்பட்டபோது! தம் குற்றத்தை அவர் மறைக்கவில்லை. அந்தச் சொல்லை மீண்டும் ஒலிக்கவும் விடவில்லை.

பள்ளிகளும் இதைச் செய்யலாம். லீயையும் ட்வைனையும் நடத்தும் வகுப்பில் டெய்லரும் டோனி மாரிசனும் இடம்பெறட்டும். வசைச்சொல் உரக்க ஒலிக்க வேண்டாம். பாடம் தொடங்கும் முன் அதன் வரலாற்றை ஆசிரியர் விளக்கட்டும். அப்படி விளக்கும் பயிற்சி இல்லாத ஆசிரியரிடம் நாவலை மட்டும் கொடுத்து அனுப்புவது அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி.

பிள்ளைகள் எந்த நாட்டில் படித்தாலும் பெற்றோர் பள்ளியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் பாடம் முடிந்து மணி அடிக்கும்போது, வகுப்பில் தனித்து நிற்கும் அந்த ஒரு பிள்ளை எந்த மனநிலையில் வெளியே வரும்? அதற்குப் பதில் வைத்திருக்கும் ஆசிரியர் எந்த நாவலையும் நடத்தலாம்.