நிலைக்காத கூரை

கடும்பனி பெய்யும் மேலைநாடுகளில், வீடற்றோர் பகற்பொழுதில் வந்து தங்குவதற்கென்று தேவாலயங்கள் குளிர்காலத்தில் தம் மண்டபங்களைத் திறந்துவிடுகின்றன. இச்செய்தியைப் படிக்கும் தமிழருள் பலர், "இது குளிர்நாட்டுச் சிக்கல், வெயில்நாட்டில் வாழ்வோர்க்கு இதனால் ஆவதென்ன?" என்று கேட்டு ஏட்டைப் புரட்டிவிடுகின்றனர். நெகிரி செம்பிலானின் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவரும் அவ்வாறு கேட்பதுதான் வியப்பிற்குரியது.

அத்தேவாலயங்கள் செய்வது சிறிய தொண்டன்று. இரவுத் தங்குமிடங்கள் பல விடிந்ததும் அங்கிருப்போரை வெளியே அனுப்பிவிடும். அதன்பின் மாலைவரை அவர்கள் எங்கே போவது? கால்வலிக்க நடப்பதும், கடைவாயிலில் நின்று விரட்டப்படுவதுமே அவர்தம் பகற்பொழுது. உட்கார ஓர் இருக்கை, சூடான தேநீர், துணி துவைக்க இடம், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல் ஆகியவற்றைத் தரும் மண்டபம் பல உயிர்களைக் காக்கின்றது. அதனைக் குறைகூறுதல் அறமாகாது.

ஆயினும், பனி உருகியதும் அக்கதவு மூடப்படும். குளிர் நீங்கிவிடலாம், வீடின்மை நீங்கிவிடுமா? பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் உதவி இரக்கம் எனப்படும். நிலைத்து நிற்பதே உரிமை எனப்படும். டில்லி மாநகரில் 2009ஆம் ஆண்டு டிசம்பர்க் குளிரில் தற்காலிகத் தங்குமிடம் ஒன்று இடிக்கப்பட்டது. அடுத்த மாதமே இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பின்னர், நகரங்களில் ஓர் இலட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கத்தக்க நிலையான தங்குமிடம் ஒன்று வேண்டும் என்பதும், அது ஆண்டின் 365 நாளும் இரவுபகலாகத் திறந்திருத்தல் வேண்டும் என்பதும் நெறியாயின. நெறி முற்றும் நிறைவேறிற்றா என்பது வேறு கேள்வி. தங்குமிடத்தை இரக்கத்தின் பக்கத்திலிருந்து உரிமையின் பக்கத்திற்கு அது நகர்த்தியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனித் தோட்டத்திற்கு வருவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். சிரம்பானிலும் போர்ட் டிக்சனிலும் ரந்தாவிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழன் வாழ்ந்த லயத்து வீடு எத்தகையது? வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். தாத்தா நட்ட முருங்கை வாசலில் நிற்கும். ஆனால் அவ்வாசல் பேரனுக்குச் சொந்தமன்று. தேவாலய மண்டபம் மூன்று திங்களில் மூடப்படுகின்றது. லயம் மூன்று தலைமுறையில் மூடப்பட்டது. காலத்தின் அளவில் வேறுபாடே அன்றித் தன்மையில் வேறுபாடு யாது?

1950களிலும் 1960களிலும் ஆங்கில முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அக்கொடுமைக்கு மறுமொழியாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1990களில் அக்கதை வேறு வடிவில் திரும்பியது. அண்டை மாநிலத்தில் புத்ராஜெயா எழுந்தபோது பெராங் பெசார் முதலிய தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டு, தரைவீட்டிற்காகப் பல்லாண்டுகள் போராடினர். நெகிரி செம்பிலானின் நீலாய்ப் பகுதியிலும் பால்மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் புதுநகர்கள் முளைத்துள்ளன. மண்ணின் விலை உயர்ந்தது. அம்மண்ணைப் பண்படுத்தியவன் மதிப்பு உயரவில்லை.

"வீடற்றோர் சோம்பேறிகள், குடியால் கெட்டவர்கள்" என்பர் சிலர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, வாழ்நாளெல்லாம் மரம் சீவியவன் முதுமையில் கடைவரிசையின் ஐந்தடியில் படுத்தால் அவனுமா சோம்பேறி? உழைக்காதவன் வீடு இழப்பது ஒருபுறமிருக்க, உழைத்தவனே வீடு இழக்கும் அமைப்பை என்னென்பது? இந்நாட்டின் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டமோ, அத்தகையோரை நீதித்துறை நடுவரின் ஆணையால் நலன்காப்பு இல்லத்தில் மூன்றாண்டுவரை இருத்திவைக்க இடமளிக்கின்றது. வறுமைக்கு மருந்து காவல் ஆகுமா?

அரசைமட்டும் கேட்டால் போதாது. தமிழர் தம் கோவில்களையும் கேட்டல் வேண்டும். திருவிழா நாளில் ஆயிரம் பேர்க்கு அன்னமிடும் ஆலய மண்டபம், மறுநாள் பூட்டப்படுகின்றதே, ஏன்? ஏழைக்கு மண்டபம் திறப்பது தமிழர்க்கு அயலார் கற்பிக்கவேண்டிய பாடமன்று. புகார் நகரச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள் மணிமேகலை என்று காப்பியம் கூறுகின்றது. வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அவ்வடுப்பிற்குப் பருவமுண்டா? பசிக்குப் பருவமில்லை என்பதனாலன்றோ அது அணையாது எரிகின்றது!

எனவே, சிரம்பானிலும் பிற பட்டணங்களிலும் உள்ள ஆலயங்களும் சங்கங்களும் தம் மண்டபங்களுள் ஒன்றையேனும் நாள்தோறும் திறந்துவைத்தல் வேண்டும். தோட்டம் விற்கப்படுமுன் அங்கு உழைத்த ஒவ்வொரு குடும்பத்திற்கும் சொந்தவீடு உறுதிசெய்யப்படுதல் வேண்டும். முன்னது இன்றைய கடமை. பின்னது என்றைக்குமான தீர்வு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை மறப்பது காயத்திற்குக் கட்டுப்போட்டுவிட்டுக் கத்தியை அங்கேயே விட்டுவைப்பதாகும்.

மணிமேகலையை வகுப்பறையில் நடத்தும் ஆசிரியர், அறக்கோட்டம் என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதச் சொல்வதோடு நின்றுவிடலாகாது. அது தம் ஊரில் எங்கே இருக்கின்றது என்று மாணவரைத் தேடச் சொல்லட்டும். இல்லை என்னும் விடை கிடைக்குமாயின், பாடம் அங்கேதான் தொடங்குகின்றது.