உபரி யாருக்குச் சொந்தம்?

பற்றாக்குறை பட்ஜெட்டைப் பற்றி வகுப்பறையில் நிறையப் படிக்கிறோம். உபரி பட்ஜெட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால், ஓர் அரசின் அறிவைப் பற்றாக்குறையை விட உபரியே அதிகம் சோதிக்கிறது என்பது என் கருத்து. இதற்கு அமெரிக்காவே சான்று.

1969க்குப் பின் பற்றாக்குறையிலேயே உழன்ற அந்நாட்டு மத்திய அரசு, 1998இல் மீண்டும் உபரியைக் கண்டது. 2000இல் அது 23,600 கோடி டாலராயிற்று. 1990, 1993ஆம் ஆண்டுகளின் வரி உயர்வும், செலவுக்கு விதித்த வரம்பும், பங்குச் சந்தையின் ஏற்றமும் இதற்குக் காரணங்கள். அடுத்த பத்தாண்டுகளில் 5.6 லட்சம் கோடி டாலர் உபரி சேரும் என்று 2001 ஜனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது.

உடனே எழுந்தது விவாதம். உபரி மக்களின் பணம், அதை மக்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்றார் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ். கடனை அடைக்கவும், முதியோர் ஓய்வூதியத்தைக் காக்கவும் அது வேண்டும் என்றனர் எதிர்த்தரப்பினர். முடிவில் புஷ்ஷின் வாதமே வென்றது. பத்தாண்டுகளில் 1.35 லட்சம் கோடி டாலர் வரியைக் குறைக்கும் சட்டம் 2001 ஜூனில் கையெழுத்தாயிற்று.

பிறகு நடந்தது என்ன? பங்குச் சந்தை சரிந்தது, பொருளாதாரம் மந்தமடைந்தது, செப்டம்பர் தாக்குதலும் தொடர்ந்த போரும் செலவைப் பெருக்கின. 2002 நிதியாண்டில் 15,800 கோடி டாலர் பற்றாக்குறை! அதன்பின் எந்த ஆண்டிலும் உபரி திரும்பவில்லை. வரிச் சலுகையோ நிலைத்துவிட்டது. 2010இல் முடிய வேண்டியது நீட்டிக்கப்பட்டு, 2013 தொடக்கத்தில் அதன் பெரும்பகுதி நிரந்தரமாயிற்று.

வரியைக் குறைப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. மந்த காலத்தில் மக்கள் கையில் பணம் புழங்குவது நல்லதே. ஆனால், கைக்கு வந்த பணம் வேறு. வரும் என்று போட்ட கணக்கு வேறு. கணக்கு ஓராண்டிலேயே பொய்க்கலாம். கொடுத்த சலுகையைத் திரும்பப் பெறும் துணிவோ எந்தக் கட்சிக்கும் எளிதில் வருவதில்லை.

உபரி மக்களுக்குச் சொந்தம் என்றால், அப்போதே 5.5 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருந்த கடன் யாருக்குச் சொந்தம்? அதுவும் அதே மக்களின் தலையில்தானே விடிகிறது?

மதிப்பீட்டை மட்டும் நம்பி வரியைக் குறைப்பது, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும். வந்த உபரியில் முதலில் கடனைக் குறைக்கட்டும்; வருவாய் நிலைக்கும் என்று உறுதியான பின் வரியைக் குறைக்கட்டும். நாளை நிதித்துறையில் அமரப்போகும் நண்பர்கள் இந்த வரிசையை மறவாதிருப்பார்களாக!