பல் உறுப்பு, பண்டம் அன்று

நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறார், வயது இருபத்தொன்பது. வகுப்பில் வாய்விட்டுச் சிரிப்பவர் என்று நாம் அறிந்திருந்த அவர், இம்முறை கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினார். துருக்கியின் அந்தால்யா நகருக்குச் சென்று, ஐந்தே நாட்களில் இருபது பற்களுக்குக் ‘கேப்’ போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார். ஓராண்டு முடிவதற்குள் இரண்டு பற்களின் வேரில் சீழ் வைத்துவிட்டது. ஈறு எந்நேரமும் சிவந்து வீங்கியிருக்கிறது.

இச்செய்தியைக் கேட்ட நம் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். ‘மலிவுக்கும் பகட்டுக்கும் ஆசைப்பட்டவனுக்கு இது வேண்டும்’ என்றது ஒரு கட்சி. ‘எங்கோ ஒன்றிரண்டு தவறுகள் நேர்வதுண்டு, வெளிநாட்டுச் சிகிச்சையைக் குறை சொல்வதெல்லாம் அங்குள்ள மருத்துவர்களின் வயிற்றெரிச்சல்’ என்றது மற்றொன்று. இரண்டும் பிழையான வாதங்கள் என்பதே நம் துணிபு.

முதலில் ஆசை என்னும் குற்றச்சாட்டைப் பார்ப்போம். பிரிட்டனில் 1948இல் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை, பல் சிகிச்சையையும் கட்டணமின்றியே வழங்கியது. 1951இல் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுத்தபோது, அச்சேவையை உருவாக்கிய அன்யூரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். ஆக, பொதுமருத்துவம் முதலில் கைவிடத் தொடங்கிய உறுப்புகளுள் பல்லும் ஒன்று. 2006இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்த முறை, ஒரு சிகிச்சைச் சுற்றில் ஒரு பல்லை அடைத்தாலும் ஐந்து பற்களை அடைத்தாலும் மருத்துவருக்கு ஒரே அளவு ஊதியம் என்றது. சொத்தை மிகுந்த வாயோடு வரும் ஏழை நோயாளி மருத்துவருக்கு இழப்பாக மாறினார். 2022இல் பிபிசி நடத்திய கணக்கெடுப்பில், அச்சேவையைச் சேர்ந்த பல் மருத்துவ நிலையங்களுள் பத்தில் ஒன்பது, வயதுவந்த புதிய நோயாளிகளை ஏற்கவில்லை என்று தெரியவந்தது. அமெரிக்காவிலும் 1965இல் பிறந்த முதியோர் மருத்துவக் காப்பீடு வழக்கமான பல் சிகிச்சையைச் சேர்க்காமல் விட்டது. அரிசோனா எல்லையை ஒட்டிய லாஸ் அல்கோடோனெஸ் என்னும் மெக்சிகோச் சிற்றூர், ‘கடைவாய்ப்பல் நகரம்’ என்று பெயர் வாங்கியதற்கு இவ்விடைவெளியும் ஒரு காரணம். உள்ளூர்க் கதவு சாத்தப்பட்டிருக்கும்போது அயலூர்க் கதவைத் தட்டுகிறவனை ஆசைக்காரன் என்று ஏசுவது அறமாகாது. நம் மாணவரும் முதலில் சொத்தைப் பல்லுக்காகத்தான் மருத்துவரைத் தேடியிருக்கிறார். ஓராண்டு காத்திருந்தும் இடம் கிடைக்கவில்லை. அந்த ஓராண்டில் கைப்பேசியில் அவரைத் தேடி வந்தது விளம்பரம்.

இரண்டாம் கட்சியின் வாதம் இதைவிடப் பழுதுடையது. மொழி கற்பிக்கும் நமக்கு முதலில் உறுத்துவது அந்த விளம்பரங்களின் சொற்களே. விமானச் சீட்டு, விடுதி, ஊர்சுற்றல், இருபது பற்கள் எல்லாம் சேர்த்து ஒரே விலை. மருத்துவம் இங்கே பொட்டலமாகிவிடுகிறது. ‘வெனீர்’ என்பது பல்லின் முன்புறத்தில் ஒட்டும் மெல்லிய தகடு. ‘கிரவுன்’ என்பது பல்லைச் சுற்றிலும் அரைத்துக் குச்சியாக்கி அதன்மேல் கவிழ்க்கும் உறை. முன்னதைச் சொல்லிப் பின்னதைச் செய்துவிடுவதே ‘துருக்கிப் பற்கள்’ பற்றி எழும் முறையீடுகளுள் முதன்மையானது. இது வெறும் சொல்வேறுபாடு அன்று. 2002இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வெனீர் வகைகளுக்கு ஈறுக்கு மேலுள்ள பல்லில் 3 முதல் 30 விழுக்காடு வரை அகற்றப்படுகிறது. முழு உறைக்கு அகற்றப்படுவது 63 முதல் 72 விழுக்காடு. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். பல்லின் எனாமல் அப்படியன்று. அதை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. அரைத்தது அரைத்ததுதான். நன்கு செய்த உறையும் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகளே உழைக்கும் என்பார்கள். இருபத்தெட்டு வயதில் நலமான பற்களை அரைத்துக்கொண்ட ஓர் இளைஞர், எழுபது வயதுக்குள் எத்தனை முறை அவ்விருபதையும் மாற்ற வேண்டியிருக்கும்? அந்தக் கணக்கு எந்தப் பொட்டலத்தின் மேலும் அச்சிடப்படுவதில்லை.

அடுத்தது காலம். உடல் தனக்குரிய நாட்காட்டியை வைத்திருக்கிறது. விமான நிறுவனத்தின் நாட்காட்டியை அது மதிப்பதில்லை. ஸ்வீடன் நாட்டுப் பிரோனேமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். எலும்பு அவ்வுலோகத்தோடு பிணைவதற்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதங்கள், மேல்தாடையில் ஆறு மாதங்கள் என்பது அவர் வழிவந்த மரபு. தக்க எலும்பு வாய்த்தவர்களுக்கு இன்று இக்காலம் குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் யார் தக்கவர் என்று முடிவு செய்வதற்கே பரிசோதனையும் பொறுமையும் வேண்டும். கைப்பேசியில் அனுப்பிய இரண்டு படங்களைப் பார்த்து, நோயாளி விமானம் ஏறுவதற்கு முன்பே இருபது பல் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவை ஏது? அரைத்த பல்லின் நரம்பு உடனே சாவதில்லை. மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்துச் சாகும். உறைகளின் உயரம் மயிரிழை பிசகினாலும், கடிக்கும் ஒவ்வொரு முறையும் தாடை மூட்டு அதன் சுமையைத் தாங்கும். இவையெல்லாம் தெரியவரும்போது நோயாளி இரண்டாயிரம் மைல்களுக்கு அப்பால் இருக்கிறார்.

அப்போது யார் பொறுப்பு? பிரிட்டனின் பல் மருத்துவ மன்றம் தன்னிடம் பதிவு செய்தவர்களைத்தான் விசாரிக்க இயலும். வழக்குத் தொடுப்பதென்றால் பெரும்பாலும் அந்நாட்டில், அந்நாட்டு மொழியில் தொடுக்க வேண்டும். உள்ளூர் மருத்துவரோ, எந்தப் பொருள், எந்தத் திருகு, எவ்வளவு அரைத்தார்கள் என்ற குறிப்பு ஏதுமில்லாத வாயைத் தொடத் தயங்குகிறார். நம் மாணவர் கையில் இருந்த ஒரே ஆவணம் கட்டண ரசீது. அதில் மருத்துவரின் பெயர்கூட இல்லை.

துருக்கி மருத்துவர்கள் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. வாடகையும் கூலியும் நாணய மதிப்பும் குறைவாக இருப்பதால் விலை குறைவது இயல்பே. மலிவு வேறு, மட்டம் வேறு. இதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாம் மறந்துவிடக் கூடாது. ஏனெனில் நாமும் விற்கும் பக்கத்தில்தான் நிற்கிறோம். டிசம்பரிலும் கோடை விடுமுறையிலும் லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வரும் நம்மவர்கள், கல்யாணப் பட்டுக்கும் கோயில் பயணத்துக்கும் நடுவே பல்லையும் முடித்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊர்ப் பல் மருத்துவர் ஒருவர் சொன்னார்: ‘மூன்று வாரத்தில் எல்லாம் முடியாது, வேர் சிகிச்சை மட்டும் செய்கிறேன், மற்றதை அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்றால், அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே முடியும் என்கிறார்கள்.’ முடியாது என்று சொல்லும் மருத்துவர் வாடிக்கையை இழக்கிறார். இந்தச் சந்தை நேர்மைக்குத் தண்டம் விதிக்கிறது.

நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வடதமிழ்நாட்டில் மெலியாய்டோசிஸ் என்னும் தொற்று சிலருடைய மூளையைத் தாக்கியது. அவர்களுள் பத்துப் பேர் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஒரே பல் மருத்துவ நிலையத்துக்குச் சென்றவர்கள். அப்பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். வாயைக் கழுவப் பயன்படுத்திய உப்புநீரில் கிருமி இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்ததால்தான் புள்ளிகளை இணைக்க முடிந்தது. அப்பத்துப் பேரும் பத்து நாடுகளுக்கு விமானம் ஏறியிருந்தால்? பத்து மருத்துவமனைகளில், காரணம் விளங்காத பத்துத் தனித்தனி நோய்களாகவே அவை முடிந்திருக்கும். அயல்நாட்டுச் சிகிச்சையின் ஆகப்பெரிய ஆபத்து இதுவே: தவறு நேர்வது மட்டுமன்று, நேர்ந்த தவறு யாருக்கும் தெரியாமலே போவது.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துப் பிறக்கும் இடங்களை எண்ணும்போது நா, இதழ், அண்ணம் ஆகியவற்றோடு பல்லையும் வைத்தார். பல் போனால் சொல் போச்சு என்று நம் மக்களும் அறிந்திருந்தார்கள். முத்து, முல்லை என்று உவமித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். பல்லை உறுப்பாகக் கருதுகிறவன் அதற்குக் காலம் தருவான். அணிகலனாகக் கருதுகிறவன் விலை மட்டும் கேட்பான். அரசுகள் அதை உறுப்பாக மதிக்காததால் உண்டான வெற்றிடத்தில்தான், அதை அணிகலனாக விற்கும் வணிகம் கடை விரித்திருக்கிறது.

போகவே கூடாது என்று நாம் தடுக்கவில்லை. போகிறவர்களில் பலருக்கு வேறு வழியில்லை. ஆனால் போகும் முன் சிலவற்றைக் கேட்டுப் பெறுங்கள். நிலையத்தின் பெயரை அல்ல, மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். எத்தனை பற்களை, எவ்வளவு அரைப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். எக்ஸ்ரே படங்களையும் பொருத்திய பொருள்களின் விவரத்தையும் கையோடு வாங்கி வாருங்கள். பழுதானால் யார், எங்கே, யார் செலவில் சரிசெய்வது என்று கேளுங்கள். ஐந்து நாளில் முடியும் என்பவரை விட, முடியாது என்பவரை நம்புங்கள்.

நம் மாணவர் விடைபெறும்போது, அரைப்பதற்கு முன் எடுத்த தம் படம் ஒன்றைக் காட்டினார். சற்றே கோணலான, லேசாக மஞ்சள் படிந்த பற்கள். சொத்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.